புற்றுநோய் பற்றி எம்.எல்.ஏ., கவுன்சிலரிடம் பேசியிருக்கிறீர்களா? நடந்ததைச் சொல்லுங்கள்

திண்டுக்கல் மாவட்டம்:

என் சித்திக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். கண்டுபிடிக்கும்போதே முற்றியிருந்தது. எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பரிசோதனை செய்கிறார்கள், ஆனால் சித்தி ஒரு தடவைகூடப் போனதில்லை. முகாம் வைப்பது வேலைநாளில், காலை பத்து மணிக்கு. அந்த நேரத்தில் ஊரில் பாதிப் பெண்கள் நூறு நாள் வேலையில் இருப்பார்கள். கூலியை விட்டுவிட்டு யார் வருவார்கள்?

எம்.எல்.ஏ.வைப் பார்க்கப் போகிறோம் என்றதும் கிராம செவிலியர் அக்கா ஒன்று சொன்னார்: "பெரிய ஆஸ்பத்திரி கட்டுங்கன்னு கேட்டா 'பார்க்கலாம்'னு சொல்லி அனுப்பிடுவாங்க. அவரால நாளைக்கே முடியுறதைக் கேளுங்க." அதனால் மனுவில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை முகாம் வேண்டும், பரிசோதிக்கப் பெண் ஊழியர் இருக்க வேண்டும்.

எம்.எல்.ஏ. நிறையக் கேள்வி கேட்டார். ஸ்கேன் மெஷின் வேண்டுமா, சென்னைக்கு அனுப்ப வேண்டுமா என்றார். அக்காதான் விளக்கினார்: "இல்லைங்கய்யா. நீர்த்த அசிட்டிக் அமிலம், வினிகர் மாதிரிதான். பஞ்சில் தொட்டுக் கர்ப்பப்பை வாயில தடவிட்டு ஒரு நிமிஷம் பார்த்தா, சந்தேகப்படுற இடம் வெள்ளையாத் தெரியும். அப்புறம்தான் மேல் பரிசோதனை."

எங்கள் மாவட்டத்திலேயே 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் இந்த முறையைப் பெரிய அளவில் செய்து பார்த்திருக்கிறார்கள் என்பதையும் நான் சொன்னேன். இந்தப் புற்றுநோயால் வரும் மரணம் 35 சதவீதம் குறைந்ததாக 2007-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. "நம்ம திண்டுக்கல்லிலா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தவர், அங்கிருந்தே வட்டார மருத்துவ அலுவலருக்குப் போன் போட்டார்.

முதல் ஞாயிறு முகாமுக்கு என் அம்மாவும் பெரியம்மாவும் போனார்கள். அறைக்கு ஜன்னல் திரை இல்லை என்று கேட்டதும் பஞ்சாயத்துத் தலைவர் வீட்டிலிருந்து இரண்டு சேலை வந்தது. திரை இல்லாமல் எந்தப் பெண்ணும் அந்த மேசையில் படுக்க மாட்டாள். இது மேலே இருப்பவர்களுக்குத் தோன்றவே தோன்றாது, நாம்தான் சொல்ல வேண்டும்.

ஈரோடு பக்கம்:

எனக்கு நேர்மாறான அனுபவம், அக்கா. 2024 தேர்தலில் ஓட்டுக் கேட்டு வந்த ஒருவரிடம், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கப் போடும் எச்.பி.வி. தடுப்பூசி பற்றிக் கேட்டேன். அந்த வருடம் மத்திய இடைக்கால பட்ஜெட்டிலேயே 9 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு இதை ஊக்குவிப்போம் என்று சொல்லியிருந்தார்கள். அவரோ, "அது லேடீஸ் சமாச்சாரம், மகளிர் அணியில் பேசும்மா" என்று நகர்ந்துவிட்டார். மனசு ஆறவில்லை. பெற்ற மகளைக் காப்பாற்றுவதில் ஆண் என்ன, பெண் என்ன?

விடவில்லை. மறுவருடம் மாநில பட்ஜெட்டில் 14 வயதுப் பிள்ளைகளுக்குப் படிப்படியாகப் போடுவோம் என்று அறிவித்ததும், பெற்றோர் சிலர் சேர்ந்து, "எங்கள் பள்ளிக்கு எந்த மாதம்?" என்று எழுதிக் கொடுத்தோம். தனியாரில் ஒரு டோஸே ஆயிரக்கணக்கில் ஆகிறது. கூலி வேலைக்குப் போகிற வீட்டில் அது நடக்கிற காரியமா?

கோவை:

அப்பாவுக்கு வாய்ப்புற்று. பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று 2003 சட்டமே இருக்கிறது, ஆனால் எங்கள் தெருப் பள்ளியின் வாசலிலேயே கடை. கவுன்சிலரைக் கையோடு கூட்டிப்போய்ப் பள்ளி கேட்டிலிருந்து டேப் பிடித்து அளந்து காட்டினேன். கடைக்காரரும் தெரிந்தவர்தான், அவரும் பிழைக்க வேண்டும். கவுன்சிலர் அவரிடம் நிதானமாகப் பேசினார். இப்போது அங்கே டீயும் பன்னும் மட்டும்தான்.

திண்டுக்கல் மாவட்டம்:

கோவை அண்ணா, அருமை. எம்.எல்.ஏ.வைப் பார்க்க முடியாதவர்களுக்குக் கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று தேதி தெரிந்ததுதான். பரிசோதனை முகாம் கேட்டுத் தீர்மானம் போடச் சொல்லுங்கள். அது தீர்மானப் புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.