வாயில் சங்கிலி பூட்டிய அந்த முகம்: 1954-ஆ, 1968-ஆ?

கேள்வி:
மெக்சிகோ மாணவர் போராட்டத்தைப் பற்றித் தேடும்போதெல்லாம் ஒரு படம் வந்து நிற்கிறது. ஓர் இளைஞனின் முகம், வாயை இறுக்கிக் கட்டிய கனமான சங்கிலி, அதில் ஒரு பூட்டு. அடோல்ஃபோ மெக்சியாக் செய்தது. சில இடங்களில் 1954 என்று போட்டிருக்கிறார்கள், சில இடங்களில் 1968. எது சரி? அப்புறம், மெக்சிகோ என்றாலே ரிவேரா, சிகெய்ரோஸ் போன்ற ஓவியர்கள், சுவரோவியம் என்றுதான் பேச்சு. இந்தக் கறுப்பு வெள்ளை அச்சுப் படங்களைப் பற்றி ஏன் இவ்வளவு குறைவாகப் பேசுகிறோம்? இரண்டு நாளாக அந்த முகம் என்னை விடவில்லை.

பதில் 1:
இரண்டுமே சரிதான். மெக்சியாக் அதை லினோவில் (செதுக்கி மை தடவி அச்சடிக்கும் லினோலியத் தகடு) செதுக்கியது 1954-இல். குவாத்தமாலாவில் அர்பென்ஸ் ஆட்சியை சிஐஏ உதவியோடு கவிழ்த்த வருடம் அது. படத்தைப் பெரிதாக்கிப் பூட்டை மட்டும் பாருங்கள், ‘மேட் இன் யுஎஸ்ஏ’ என்று இருக்கும். லினோவில் எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்கினால்தான் தாளில் நேராக விழும். அவ்வளவு சின்ன இடத்தில் அந்தப் பாடு பட்டிருக்கிறார் என்றால் அந்த எழுத்துகள் அவருக்கு எவ்வளவு முக்கியம் என்று தெரிகிறது. படத்தின் பெயர் ‘கருத்துச் சுதந்திரம்’. 14 வருடம் கழித்து மாணவர்கள் அதையே எடுத்துப் போஸ்டராக அடித்தார்கள்.

பதில் 2:
இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். சுவரோவியத்தைப் பார்க்க நாம்தான் அந்தக் கட்டடத்துக்குப் போக வேண்டும், அதுவும் பெரும்பாலும் அரசாங்கக் கட்டடம். அச்சுப் படமோ நம் தெருவுக்கே வந்துவிடும். 1937-இல் லெயோபோல்தோ மெந்தெஸ், பாப்லோ ஓ'ஹிக்கின்ஸ், லூயிஸ் அரெனால் சேர்ந்து மெக்சிகோ நகரத்தில் தொடங்கிய ‘மக்கள் அச்சுக்கலைப் பட்டறை’ இதற்காகவே இருந்தது. வேலைநிறுத்தம், தொழிற்சங்கக் கூட்டம், பாசிச எதிர்ப்பு என்று எதற்குப் போஸ்டர் தேவையோ அதை உடனே செய்து கொடுத்தார்கள், படத்தைக் கூடி உட்கார்ந்து விமர்சித்துத் திருத்தினார்கள். லினோ மலிவு, மரத்தைப் போல நார் ஓட்டம் கிடையாது, உளி எந்தப் பக்கமும் போகும், அதனால் வேலை சீக்கிரம் முடியும். மெந்தெஸ் 1942-இல் செதுக்கிய ‘சாவுக்கு நாடுகடத்தல்’ பாருங்கள். இரவு, சரக்கு ரயில் பெட்டி, உள்ளே அடைபட்ட மனிதர்கள், லாந்தர் வெளிச்சம் பட்ட இடம் மட்டும் வெள்ளை. கறுப்பில் கீறக் கீற வெளிச்சம் வருவதுதான் லினோ என்பதால் அந்த இரவுக்கு இதைவிடப் பொருத்தமான முறை கிடையாது என்பேன். ஐரோப்பாவில் நாஜிகள் யூதர்களை ரயிலில் அடைத்துச் சாவு முகாம்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்ததை அந்தச் சமயத்திலேயே மெக்சிகோவில் உட்கார்ந்து செதுக்கியிருக்கிறார்!

பதில் 3:
இவர்களுக்கெல்லாம் முந்தைய தலைமுறை அச்சுப் படக் கலைஞர் பொசாதாவை விட்டுவிட்டீர்களே. ஆனால் அவரைப் புரட்சிக் கலைஞர் என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். வானேகாஸ் அர்ரோயோ அச்சகத்துக்காகக் கொலை, விபத்து, அதிசயம் என்று தெருவில் விற்கும் தாள்களுக்குப் படம் போட்டுப் பிழைத்தவர் அவர். 1913-இல் இறந்தபோது பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. 1920-களில் ஓவியர் ஜான் ஷார்லோ அவரைத் தேடி எடுத்த பிறகுதான் முன்னோடி ஆனார். 1953-இல் மெந்தெஸ் செதுக்கிய படத்தில், ஜன்னலுக்கு வெளியே குதிரைப்படை ஜனங்களை அடிக்கிறது, உள்ளே பொசாதா உளியோடு அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அது பொசாதாவின் வாழ்க்கை என்பதைவிட, தனக்கு எப்படிப்பட்ட ஆசான் வேண்டும் என்று மெந்தெஸ் நினைத்தாரோ அது என்றுதான் எனக்குப் படுகிறது.

1968-க்கு வந்தால், மெக்சியாக் படம் மட்டும் அல்ல. சான் கார்லோஸ், லா எஸ்மெரால்தா கலைப் பள்ளிகளில் மாணவர்கள் இரவும் பகலுமாக அச்சடித்துச் சுவரிலும் பஸ்ஸிலும் ஒட்டினார்கள். அந்த வருடம் மெக்சிகோ நகரத்தில் நடக்கவிருந்த ஒலிம்பிக்கின் சமாதானப் புறாவை எடுத்து அதன் நெஞ்சில் துப்பாக்கிக் கத்தியைச் செருகினார்கள். அக்டோபர் 2-ஆம் தேதி அதே நகரத்தின் த்லதெலோல்கோ சதுக்கத்தில் கூடிய போராட்டக்காரர்களை அரசுப் படைகள் சுட்டுக் கொன்றன. 12-ஆம் தேதி ஒலிம்பிக் தொடங்கியது.

கேள்வி கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. பூட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன், எழுத்து இருக்கிறது. இவ்வளவு நாள் வாயை மட்டுமே பார்த்திருக்கிறேன். சங்கிலி கன்னத்தை அழுத்தும் இடத்தில் கீறல்கள் நெருங்கி நெருங்கிப் போகின்றன, கண் மட்டும் நேராக நம்மையே பார்க்கிறது. பொசாதா பற்றிச் சொன்னதை அப்படியே ஏற்க முடியவில்லை, அந்தத் தெருத் தாள்களை இனிமேல்தான் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.