சிசேரியனுக்குப் பிறகு விடாத தலைவலி: பிளட் பேட்ச் எங்கே செய்கிறார்கள்?

தென்காசியில் இருக்கும் என் தங்கச்சிக்குப் போன வாரம் சிசேரியன், முதுகில் ஊசி போட்டுத்தான் செய்தார்கள். மறுநாளே தலைவலி தொடங்கிவிட்டது. படுத்தால் அடங்குகிறது, எழுந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் பின்மண்டையும் கழுத்தும் பிடித்து இழுக்கிறது, காதில் இரைச்சல், குமட்டல் வேறு. பிள்ளைக்குப் படுத்தபடியேதான் பால் கொடுக்கிறாள். பார்க்கவே மனசு கேட்கவில்லை.

பாராசிட்டமால், டிரிப்ஸ், காபி, நாள் முழுக்கப் படுக்கை எல்லாம் பார்த்தாயிற்று. பிரஷர் 120/80. காய்ச்சல், வலிப்பு, பார்வை மங்கல் எதுவும் இல்லை. பிரசவத்துக்குப் பிறகு மூளையின் ரத்தக் குழாயில் ரத்தம் உறையக்கூடும் என்பதால் எம்ஆர்ஐயும் வீனோகிராமும் எடுத்தார்கள்; இரண்டும் நார்மல். ஊசி துளைத்த இடத்தில் தண்டுவட நீர் கசிவதுதான் காரணம், தானாகச் சரியாகும் என்கிறார் டாக்டர். ஆனால் குறையவே இல்லை. அவளுடைய ரத்தத்தையே சுமார் 20 மில்லி எடுத்து, முதுகில் செலுத்திக் கசிவை அடைக்கும் ‘எபிடூரல் பிளட் பேட்ச்’ இங்கே செய்வதில்லையாம்.

திருநெல்வேலி, மதுரை பக்கம் எந்த மருத்துவமனையில் இதைச் செய்கிறார்கள்?