அப்பாயியின் சுருக்குப்பை

பெரியக்கா (ஹட்டன்): வொஷிங் மெஷின் பாதியில் நின்றுவிட்டது. உள்ளே தண்ணீர் அப்படியே நிற்கிறது, கதவும் திறக்க வரவில்லை. மூன்று நாளாக விடாத மழை. வீட்டில் காய்ந்த துணி என்று ஒன்றுமில்லை.

நான்: ஏதாவது சத்தம் வருகிறதா அக்கா?

பெரியக்கா: தண்ணீர் வெளியேற வேண்டிய நேரத்தில் 'ம்ம்ம்' என்று முனகும், அப்புறம் நின்றுவிடும். டவுனில் ஒரு கடைக்குப் போன் எடுத்தேன். மெஷினைப் பார்க்காமலேயே பம்பை மாற்றவேண்டும் என்கிறார்கள்.

மாமா (பண்டாரவளை): பிள்ளை, அவசரப்படாதே. முனகுகிறது என்றால் பம்புக்குக் கரண்ட் போகிறது. ஏதோ சிக்கிச் சுற்றவிடாமல் பிடித்திருக்கும். முன்பக்கக் கதவு மெஷின்தானே?

பெரியக்கா: ஆமாம் மாமா.

மாமா: ப்ளக்கைக் கழற்று. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. கீழே மூலையில் சின்ன மூடி இருக்கும், அதைத் திறந்தால் வட்டமாக ஒரு திருகு. அதுதான் ஃபில்டர். பக்கத்தில் சின்னக் குழாய் இருந்தால் முதலில் அதால் தண்ணீரை வடி. வாளி கீழே நுழையாது, கேக் தட்டு வை. சுடுதண்ணீரில் போட்டிருந்தால் ஆறவிடு.

மாமி: போன வருடம் இவர் தட்டு வைக்காமல் திருகி எங்கள் குசினியே குளமானதையும் சொல்லச் சொல்லுங்கள்.

மாமா: அதனால்தான் தட்டு என்கிறேன்.

அண்ணன் (கொழும்பு): பின்பக்கத் தகட்டையும் கழற்றிப் பார்க்கலாமே?

மாமா: வேண்டாம். சில மெஷினில் கப்பாசிட்டர் இருக்கும், ப்ளக்கைக் கழற்றினாலும் அது கரண்டைப் பிடித்து வைத்திருக்கும். அதெல்லாம் மெஷின் திருத்தும் பாஸ்மாரின் வேலை.

பெரியக்கா: எட்டுத் தட்டு ஊற்றியாச்சு, இன்னும் வருகிறது! அத்தான் தரையில் படுத்துக்கொண்டு திருகுகிறார்.

பெரியக்கா: வந்துவிட்டது. ஒரு ஊக்கு, 5 ரூபாக் குற்றி ஒன்று, முடிக்கற்றை, பாதிக் கொட்டைப்பாக்கு.

நான்: பாக்கா?!

பெரியக்கா: அப்பாயியின் சுருக்குப்பை சேலையோடு உள்ளே போயிருக்கிறது.

மாமா: ஓட்டைக்குள் டோர்ச் அடித்துப் பார். சின்ன விசிறி தெரியும். விரலை விடாமல் பென்சிலால் தள்ளிப் பார். வழுவழுவென்று சுற்றாது, உள்ளே காந்தம் இருப்பதால் தட்டித் தட்டித்தான் நகரும். பழுது என்று நினைத்துவிடாதே.

பெரியக்கா: விசிறியில் நூல் சுற்றியிருந்தது, எடுத்துவிட்டார்.

மாமா: ரப்பர் வளையத்தைத் துடைத்து மூடியை இறுக்கு. துணி போடாமல் ஒருமுறை ஓட்டு.

பெரியக்கா: தண்ணீர் போகிறது மாமா!! ஆனால் உள்ளே தண்ணீர் வர நெடுநேரம் எடுக்கிறது. அது பல மாதமாகவே அப்படித்தான்.

மாமா: உங்களுக்கு மலை ஊற்றுத் தண்ணீர்தானே? மழைக்கு மண்ணும் சருகும் சேர்ந்து வரும். பைப்பை மூடி, ப்ளக்கையும் கழற்றிவிட்டு, பின்னால் ஹோஸ் மாட்டும் இடத்தைப் பார். சின்னச் சல்லடை இருக்கும். குறட்டால் மெதுவாக இழுத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவு.

பெரியக்கா: சல்லடையா இது, சேற்றுக்கட்டி! கழுவி மாட்டியதும் 'சோ' என்று கொட்டுகிறது. முதலில் பிள்ளைகளின் யூனிஃபோர்ம் போடுகிறேன்.

சித்தி: மெஷின் பிழிந்து கொடுத்தால் அடுப்படியில் கட்டியே காயவைத்துவிடலாம்.

பெரியக்கா: அப்பாயி சொல்கிறார், தன் பையில் இருந்தது 5 ரூபா இல்லையாம், 10 ரூபாவாம். இன்னும் நன்றாகத் தேடச் சொல்கிறார்.

பெரியக்கா: அத்தான் மறுபடியும் டோர்ச்சை எடுத்துவிட்டார்.