புதுப்பிப்பு: காரைக்குடியில் தாத்தாவின் கடிகாரம்

சாவி கொடுத்தும் நின்றுபோகும் ஜெர்மன் யுங்கன்ஸ் சுவர்க்கடிகாரத்தை யாரிடம் கொண்டுபோவது என்று முன்பு கேட்டிருந்தேன். காரைக்குடியைச் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி. புதுக்கோட்டை வழியாகக் காரிலேயே போய் வந்தோம்.

முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் அமெரிக்க அன்சோனியா கம்பெனிக் கடிகாரத்தைப் பார்த்ததும் கால் நகரவில்லை. அங்கே வந்திருந்த சேகரிப்பாளர் ஒருவர் சொன்னது: டயலில் உள்ள பேரை மட்டும் நம்பாதீர்கள், மிஷின் தகட்டிலுள்ள முத்திரையையும் பாருங்கள். பெட்டி ஒன்று, மிஷின் வேறொன்றாகச் சேர்த்து விற்பதும் உண்டாம். வாங்கப் போகிறவர்கள் இதை மறக்கக்கூடாது.

ரிப்பேர் செய்யும் பெரியவர் முதலில் காதைத்தான் வைத்தார். "டிக்குக்கும் டாக்குக்கும் இடைவெளி ஒண்ணா இல்ல தம்பி." இரண்டு ஸ்பிரிங்குகளையும் மெல்லத் தளர்த்திய பிறகே தகட்டைப் பிரித்தார். அச்சு சுழலும் துளைகள் தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தன. பழைய எண்ணெய் கறுத்துப் பிசினாக ஒட்டியிருந்தது. கழுவி, துளைகளுக்குப் பித்தளை புஷ் (துளைக்குள் பொருத்தும் சின்ன வளையம்) போட்டுக் கொடுத்தார். என்ன பொறுமை!

இப்போது நிற்காமல் ஓடுகிறது. கொஞ்சம் மெதுவாகப் போனதால் பெண்டுலத்தின் அடியிலுள்ள நட்டை லேசாக மேலேற்றினேன், சரியாகிவிட்டது. டயலுக்குப் புதுப் பெயிண்ட் வேண்டாம் என்றார் பெரியவர், அதைத் தொடவில்லை.