கொளுவுசொல், கொளுவு வாக்கியம்: ஒரு சொல்லாக்க முன்மொழிவும் அதன்மீதான மறுமொழிகளும்

குழும நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஆங்கிலத்தில் அட்வேர்ப் குளோஸ் எனப்படுவதை, அதாவது எப்போது, ஏன், எந்த நிபந்தனையில் என்று சொல்லி இன்னொரு வாக்கியத்தோடு சேர்கிற வாக்கியப் பகுதியை (கிளையை), தமிழ் மொழிமூல மாணவருக்கு என்ன பெயர் சொல்லிக் கற்பிப்பது என்று மட்டக்களப்பு ஆசிரியை கேட்டிருந்தார். அதற்கு வினையுரிச்சொல் வாக்கியம், வினையெச்சத் தொடர், முற்றெச்சத் தொடர் என மூன்று பெயர்கள் இங்கு முன்வைக்கப்பட்டன. கொழும்பு கொட்டாஞ்சேனையில் க.பொ.த. சாதாரண தர மாணவருக்கு ஆங்கிலம் கற்பித்து வருகிறவன் என்ற முறையில், மூன்றையும் கரும்பலகையில் எழுதிப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். மூன்றும் மூன்று விதமாகச் சறுக்குகின்றன. எனவே நான்காவதாக ஒன்றை முன்மொழிய விரும்புகிறேன்.

பெயரைத் தேடுவதற்கு முன்னர், அந்தப் பெயர் எந்தப் பிழையைத் தடுக்க வேண்டும் என்பதைப் பார்க்க வேண்டும். என் மாணவர் கலவை வாக்கியம் எழுதும்போது விடுகிற பிழைகளுள் இரண்டு மிகவும் பிடிவாதமானவை. முதலாவது, 'பிகோஸ் இட் ரெயின்ட்' என்று எழுதி அங்கேயே முற்றுப்புள்ளி வைத்துவிடுவது. இரண்டாவது, 'ஓல்தோ இட் ரெயின்ட், பட் வீ வென்ட்' என்று ஓல்தோவையும் பட்டையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்து எழுதுவது. பிகோஸ் என்று தொடங்கிய வாக்கியத்தின் நடுவே சோ வந்து உட்கார்ந்துகொள்வதும் இந்த இரண்டாவது பிழையின் உடன்பிறப்பே.

முதற் பிழைக்குக் காரணம் நாம் கொடுக்கிற பொருள்தான். பிகோஸ் என்றால் 'ஏனென்றால்' என்று சொல்லிக்கொடுக்கிறோம். தமிழில் 'நான் நேற்று வரவில்லை. ஏனென்றால் எனக்குச் சுகமில்லை' என்பது ஒழுங்கான எழுத்து. 'ஏனென்றால்' ஒரு புதிய முழு வாக்கியத்தைத் தொடக்கி வைக்கிறது. அந்த வாக்கியம் தன் காலிலேயே நிற்கிறது. மாணவன் அதே உரிமையைப் பிகோஸுக்கும் கொடுத்துவிடுகிறான். உண்மையில் பிகோஸுக்கு நெருங்கிய உறவு 'ஏனென்றால்' அன்று, 'படியால்'. 'எனக்குச் சுகமில்லாதபடியால்' என்று சொல்லி நிறுத்தினால், கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளைகூட 'சுகமில்லாதபடியால் என்ன?' என்று கேட்கும். அந்தக் கேள்வியே நமக்கு வேண்டிய பாடம்.

இரண்டாவது பிழை இன்னும் சுவையானது. பல ஆண்டுகளாக அதைக் கவனக்குறைவு என்றே நினைத்துத் திருத்தி வந்தேன். ஆனால், 'மழை பெய்தும் நாங்கள் போனோம்' என்னும் தமிழ் வாக்கியத்தைப் பாருங்கள். இரண்டு நிகழ்வுகளையும் பிணைக்கிற 'உம்' சரியாக நடுவில், மூட்டு விழுகிற இடத்தில் நிற்கிறது. பெய்தால், பெய்தபடியால், பெய்தபோது என எதை எடுத்தாலும் பிணைப்பு முதற்பகுதியின் வாலில்தான் இருக்கும். வாலும் அடுத்த பகுதியின் தலையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். ஆங்கிலத்திலோ ஓல்தோ வாக்கியத்தின் தலைக்கே போய்விடுகிறது. மூட்டில் எஞ்சுவது ஒரு காற்புள்ளி மட்டுமே. தமிழ்க் காதுக்கு அந்த இடம் வெறுமையாகக் கேட்கிறது. அந்த வெறுமையைப் பட் என்றோ சோ என்றோ ஒரு சொல்லைக் கொண்டு மாணவன் அடைத்துவிடுகிறான். சிங்கள மொழிமூலத்தில் கற்பிக்கும் சக ஆசிரியர் ஒருவரும் இதே பிழையைத் தம் வகுப்பில் காண்பதாகச் சொன்னார். அதுவும் வினையில் முடிகிற மொழிதானே.

ஆகவே நாம் ஆக்குகிற பெயர் இரண்டு செய்திகளைத் தாங்க வேண்டும். எழுவாயும் முற்றுவினையும் உடைய ஒரு முழு வாக்கியம், தலையில் ஒரு சொல் வந்து ஏறியதால், தனித்து நிற்கும் உரிமையை இழந்து இன்னொரு வாக்கியத்தில் தொங்குகிறது என்பது ஒன்று. அந்தச் சொல்லே பிணைப்பு வேலையை முடித்துவிட்டது, மூட்டில் இன்னொன்று வேண்டியதில்லை என்பது மற்றது.

இனி, முன்வைக்கப்பட்ட பெயர்களுக்கு வருகிறேன். 'வினையுரிச்சொல் வாக்கியம்' பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. உரிச்சொல் என்பது தமிழில் சால, உறு, தவ, நனி, கூர், கழி முதலியவற்றுக்கு உரிய பெயர். அதை ஆங்கிலச் சொல்வகை ஒன்றுக்குக் கடன் கொடுத்ததே பழைய கைந்நூல்கள் செய்த தவறு. அதன்மேல் இன்னொரு மாடி கட்ட வேண்டாம்.

'வினையெச்சத் தொடர்' அவ்வளவு எளிதில் தள்ளக்கூடியதன்று. பெய்தால், பெய்தபின் என்று தமிழில் நாம் சொல்வதை ஆங்கிலம் இஃப், ஆஃப்டர் கொண்டு சொல்வதால், செய்கிற வேலையை வைத்துப் பார்த்தால் இந்தப் பெயர் பொருந்துகிறது. ஆனால் உருவத்தை வைத்துப் பார்த்தால் நேர்மாறாகிவிடுகிறது. செய்து, செய, செயின் முதலாகத் தொல்காப்பியம் சொல்லும் 9 வாய்பாடுகளையும், நன்னூல் சொல்லும் 12 வாய்பாடுகளையும் எடுத்துப் பாருங்கள். ஒன்றிலேனும் திணை, பால், எண், இடம் காட்டும் விகுதி கிடையாது. முற்றாமல் நிற்பதாலேயே அது எச்சம். ஆங்கிலக் கிளையிலோ வினை முற்றியே ஆக வேண்டும்: 'வென் ஹீ கம்ஸ்' என்பதில் அந்த எஸ் விடுபட்டால் பிழை. 'எச்சம்' என்று பெயர் சொல்லிக் கொடுத்துவிட்டு, பிறகு வினையை முற்றாக்கு என்று கேட்டால் மாணவன் யாரை நம்புவான்?

'முற்றெச்சத் தொடர்' என்பதைக் கண்டபோது, ஒப்புக்கொள்கிறேன், ஒரு நாள் முழுவதும் மயங்கினேன். உருவத்தில் முற்று, வேலையில் எச்சம்: இதைவிடப் பொருத்தமாக வேறு என்ன வேண்டும்? ஆனால் முற்றெச்சம் ஏற்கெனவே குடியிருக்கிற வீடு. 'கண்டனன் வணங்கினான்' என்பதில் 'கண்டனன்' முற்றாக இருந்துகொண்டே 'கண்டு' என்னும் எச்சத்தின் பொருளைத் தருகிறது. அங்கே பிணைப்புச் சொல் எதுவும் இல்லை, கண்டவனும் வணங்கியவனும் ஒருவனே. நாம் பேசுவதிலோ பிணைப்புச் சொல்லே உயிர். எழுவாயும் பெரும்பாலும் வேறாகிறது. குடியிருக்கிற பெயரை எடுத்து வேறொன்றுக்குச் சூட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு நம் பௌதிகப் பாடமே சாட்சி. இலங்கையில் திணிவு என்பதைத் தமிழ்நாடு நிறை என்கிறது. இலங்கையில் நிறை என்பதைத் தமிழ்நாடு எடை என்கிறது. இரண்டு கரையின் நூல்களையும் மாற்றிப் படிக்கிற மாணவன் ஒரே சொல்லுக்கு இரண்டு கணியங்களை வைத்துத் தடுமாறுகிறான். இலக்கணத்திலும் அப்படியொரு 'நிறை' வேண்டாம்.

என் முன்மொழிவு வகுப்பறையில் தானாக விழுந்தது. ஓல்தோ என்ன செய்கிறது என்று விளக்க முடியாமல், சுவரில் இருந்த ஆணியைக் காட்டி, 'பையை அங்கே கொளுவுகிற மாதிரி இந்த வாக்கியத்தை அந்த வாக்கியத்தில் கொளுவுகிறோம்' என்றேன். அடுத்த நாள் ஒரு மாணவி, 'சேர், பட் போட்டால் இரண்டு கொளுவி ஆகிவிடும்' என்று தானாகவே பிழையைத் திருத்தினாள். அன்று முதல் என் வகுப்பில் பிகோஸ், ஓல்தோ, வென், இஃப், அன்லெஸ் போன்றவை கொளுவுசொற்கள். அவை தலையில் ஏறிய வாக்கியம் கொளுவு வாக்கியம். அது தொங்குகிற வாக்கியம் தாங்கு வாக்கியம். 'ஒரு மூட்டுக்கு ஒரு கொளுவி' என்று சொன்னால் இரட்டைப் பிணைப்புப் பிழைக்கு வேறு விளக்கம் தேவைப்படுவதில்லை. தாங்குவது இல்லாமல் கொளுவி நிற்காது என்பதால், பிகோஸுடன் முற்றுப்புள்ளி வைக்கிற பழக்கமும் குறைகிறது.

காற்புள்ளியையும் இதனுடனேயே சேர்த்துச் சொல்லிவிடலாம். கொளுவு வாக்கியம் முன்னால் வந்தால் அதன் முடிவில் காற்புள்ளி. பின்னால் வந்தால் பெரும்பாலும் தேவையில்லை, ஏனெனில் அப்போது கொளுவுசொல்லே மூட்டில் வந்து நின்றுவிடுகிறது.

வகைகளுக்குக் காலம், இடம், காரணம், நோக்கம், விளைவு, நிபந்தனை, ஒப்பு என்னும் பெயர்கள் ஏற்கெனவே பழக்கத்தில் உள்ளன. அவற்றை மாற்ற வேண்டாம். ஓல்தோவின் வகைக்கு மட்டும் நல்ல பெயர் இல்லை. அதன் ஆங்கிலப் பெயரான 'கொன்செஷன்' என்பதை அகராதியை மட்டும் பார்த்துச் சலுகை, விட்டுக்கொடுப்பு என்று பெயர்த்தால், மழை யாருக்கு எதை விட்டுக்கொடுத்தது என்ற கேள்விக்கு நம்மிடம் பதில் இராது. தடை இருந்தும் நிகழ்ந்ததைச் சொல்வதால் 'தடைமீறல்' என்கிறேன். இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் மகிழ்ச்சியுடன் விட்டுவிடுவேன்.

இன்னுமொன்று. பலர் 'கொழுவி' என்று ழகரம் இட்டு எழுதுகிறார்கள். கொள் என்னும் அடியோடு உறவு தெரிவதால் நான் ளகரத்தையே கொள்கிறேன்.

அன்புடன்,
கொட்டாஞ்சேனை ஆங்கில ஆசிரியர்

* * *

மதிப்பிற்குரிய ஐயா,

கோவையிலிருந்து எழுதுகிறேன். தங்கள் விளக்கத்தை மிகவும் விரும்பிப் படித்தேன். மூட்டில் விழும் வெறுமை பற்றிய பகுதியை எங்கள் ஆசிரியர்களுக்கும் அனுப்பியிருக்கிறேன். ஆயினும் இரண்டு தடைகள் தோன்றுகின்றன. ஒன்று, கொளுவுதல் என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு வழக்கில் இல்லை. பையை நாங்கள் மாட்டுவோம். தங்கள் மாணவிக்குக் கண்முன் தோன்றிய ஆணி எங்கள் மாணவிக்குத் தோன்றாது. மற்றது, தன்னளவில் நிறைவுபெறாத ஒன்றை 'வாக்கியம்' என்று அழைக்கலாமா? எங்கள் பாடநூல்களில் தனிநிலைத் தொடர், கலவைத் தொடர் என்று 'தொடர்' என்பதே வழக்கில் இருக்கிறது. 'சார்புத் தொடர்' என்றால் இரு கரையிலும் செல்லுமே?

* * *

அன்புள்ள கோவை நண்பருக்கு,

இரண்டாவது தடையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். 'தொடர்' என்று சொன்னால், சொற்கள் இரண்டு சேர்ந்த தொகைநிலைத் தொடர் முதல் முழு வாக்கியம் வரை எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். 'ஆஃப்டர் த ரெயின்' என்பதற்கும் 'ஆஃப்டர் இட் ரெயின்ட்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டுவதே என் பாடத்தின் பாதி. முன்னதில் வினையே இல்லை. பின்னதில் எழுவாயும் முற்றும் உண்டு. இரண்டையும் தொடர் என்றால் அந்த வேறுபாடு அழிந்துவிடும். நிறைவுபெறாததை வாக்கியம் என்று அழைக்கலாமா என்றால், அழைப்பதில்தான் பயன் இருக்கிறது. மாணவன் முதலில் 'இட் ரெயின்ட்' என்னும் முழு வாக்கியத்தை எழுதட்டும். பிறகு அதன் தலையில் கொளுவுசொல்லை ஏற்றட்டும். ஏற்றியவுடன் அது தனித்து நிற்க முடியாமற்போவதைத் தானே காணட்டும். செய்துபார்க்கும் வரிசையைப் பெயரே சொல்லிவிடுகிறது.

'சார்பு' பற்றி எனக்குப் பிணக்கு எதுவும் இல்லை. நூலில் எழுதும்போது சார்பு வாக்கியம் என்பதே தகும். அது பெயராகவும் பெயரடையாகவும் வருகிற ஏனைய கிளைகளையும் சேர்த்துக் குறிக்கும் பொதுப்பெயராக இருக்கட்டும். ஆனால் சார்பு என்பது நிலையைச் சொல்கிறதே தவிர, அந்த நிலையை உண்டாக்கிய சொல்லைச் சுட்டவில்லை. என் மாணவருக்குத் தேவைப்படுவது அந்தச் சொல். உங்கள் வகுப்பில் அதை 'மாட்டுசொல்' என்று சொல்லுங்கள். எங்கள் ஆணியும் உங்கள் ஆணியும் ஒரே சுவரில்தான் இருக்கின்றன. கலைச்சொற் பட்டியலில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் இட்டு, ஒன்று இலங்கை வழக்கு, மற்றது தமிழக வழக்கு என்று குறித்துவிடலாம். திணிவும் நிறையும் போல ஒன்று மற்றதன் இடத்தைப் பிடிக்கிற ஆபத்து இங்கே கிடையாது.

மட்டக்களப்பு ஆசிரியை தனிமடலில் கேட்ட ஒன்றையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். கொளுவுசொல்லும் எழுவாயும் இல்லாமல், 'வோக்கிங் டு த ஸ்டேஷன், ஐ மெட் ஹிம்' என்று வருவதை என்ன என்பது என்று அவர் கேட்டிருந்தார். 'வினையெச்சத் தொடர்' என்னும் பெயரை நான் செலவழிக்காமல் வைத்திருந்தது இதற்காகத்தான். இது உருவத்திலும் வேலையிலும் நம் வினையெச்சத்தின் நெருங்கிய உறவு. வினை முற்றவில்லை, எழுவாய் பின்னால் வருகிற வினையிலிருந்தே கிடைக்கிறது. செய்து, செய்யூ, செய்பு என்னும் முதல் மூன்று வாய்பாடுகளும் தம் வினைமுதலின் (அந்த வினையைச் செய்தவரின்) வினையைக் கொண்டே முடியும் என்று தொல்காப்பியம் சொல்கிற விதியே இங்கும் காவல் நிற்கிறது. அதை ஆங்கில விதியாகத் தனியே மனப்பாடம் செய்யவைக்கத் தேவையில்லை, அம்மா. 'வோக்கிங் டு த ஸ்டேஷன், த ரெயின் ஸ்டார்ட்டட்' என்று ஒரு பிள்ளை எழுதினால், அதற்குப் பக்கத்தில் 'நிலையத்துக்கு நடந்து மழை தொடங்கியது' என்று தமிழில் எழுதிக் காட்டுங்கள். மழை எப்படி நடந்தது என்று கடைசி வாங்கிலிருந்தே கேள்வி வந்துவிடும்.

அன்புடன்,
கொட்டாஞ்சேனை ஆங்கில ஆசிரியர்