சீகை மரங்களை ஒன்றுவிடாமல் வெட்டிவிட வேண்டுமா?

புல்மலை: 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து நீலகிரிக்கு வந்த சீகை மரம், அதாவது வாட்டில், 20ஆம் நூற்றாண்டில் தோல் பதனிடும் பட்டைக்காக நீலகிரியிலும் பழனிமலையிலும் பெருந்தோட்டங்களாக நடப்பட்டது. இன்று அது புல்வெளிகளை மூடிக்கொண்டு பரவுகிறது. வரையாடு மேய்வதற்கும், நீலகிரி நெட்டைக்காலி என்ற சிறு பறவை தரையில் கூடு கட்டுவதற்கும், 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை குறிஞ்சி மலையை நிறைப்பதற்கும் திறந்த வெளி வேண்டும். சீகையின் நிழல் விழுந்த இடத்தில் புல் சாகிறது. அதன் வேரிலுள்ள பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைநிறுத்துவதால் மண்ணின் தன்மையும் மாறுகிறது. ஆகவே முழுவதையும் அகற்றுவதே சரி.

கானல்வாசி: நண்பரே, புல்வெளியைப் பற்றிய உங்கள் கவலை எனக்கும் உண்டு, 'முழுவதையும்' என்ற சொல்லைத்தான் ஏற்க இயலவில்லை. கொடைக்கானலில் வட்டக்கானல் பக்கத்துப் பழைய சீகைத் தோப்புகளுக்குள் நடந்து பாருங்கள். மரத்தடியில் சோலைக்காட்டு மரங்களின், அதாவது இம்மலைகளுக்கே உரிய இயற்கைக் காட்டு மரங்களின், கன்றுகள் யாரும் நடாமலே வளர்ந்து நிற்கின்றன. மார்கழி, தை மாதங்களில் திறந்த சரிவில் இறங்கும் உறைபனியைப் புல் தாங்கிக்கொள்ளும், சோலைக் கன்று கருகிவிடும். அதனால்தான் இம்மலைகளில் சோலை பள்ளங்களிலும் மடிப்புகளிலும் ஒதுங்கி நிற்க, சரிவெல்லாம் புல்லாக இருந்தது. இப்போது சீகையின் கிளைகள் கன்றுக்குக் குடை பிடிக்கின்றன, அந்தக் கிளைகளில் வந்து அமரும் கொண்டைக்குருவிகள் பக்கத்துச் சோலையில் தின்ற பழங்களின் விதைகளை எச்சத்தோடு கீழே போடுகின்றன. புல்லை அழிக்கும் அதே நிழல்தான் சோலையை வளர்க்கிறது. இந்த இடத்தில் கோடரி வைத்தால் சீகையோடு கன்றுகளும் போய்விடும்.

புல்மலை: சோலை வளர்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது வளரும் இடம் எது? முன்பு புல்வெளியாக இருந்த சரிவு. மரம் இருந்தால்தான் காடு, புல் வெறும் தரிசு என்று எண்ணியவர்களே இத்தோட்டங்களை நட்டார்கள். அந்த எண்ணத்தை நாமும் தொடர வேண்டாம்.

விதைப்பை: வெட்டிய பிறகு நடப்பதை இருவருமே பேசவில்லை. சீகை விதையின் மேல்தோல் கெட்டியானது; அது மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும், தீயின் சூடு பட்டால் கூட்டமாக முளைக்கும். முழுத்தோப்பையும் வெட்டி நிலத்தை வெயிலுக்குத் திறந்துவிட்டால் அடுத்த மழைக்கே மீண்டும் சீகைக்காடுதான்.

புல்மலை: நியாயமான கேள்வி, ஐயா. புல் இன்னும் உயிரோடிருக்கும் விளிம்புகளில், சீகைக் கன்றுகள் இளசாக இருக்கும்போதே ஆண்டுதோறும் கையால் பிடுங்குவதிலிருந்து தொடங்கலாம் என்று என் கோரிக்கையைத் திருத்திக்கொள்கிறேன். கானல்வாசி சொல்லும் முதிர்ந்த தோப்புகளை இப்போதைக்கு விட்டுவைக்கவும் சம்மதம்.

கானல்வாசி: விளிம்பிலிருந்து தொடங்குவதில் எனக்கு எதிர்ப்பு இல்லை. முதிர்ந்த தோப்புகளை 'இப்போதைக்கு' மட்டும் விட்டுவைப்பதை நான் ஒப்பவில்லை.