மறு: உருவம் ஒன்று, மொழி பல, பொருள் வேறு – கலைச்சொல் தேவை

அன்பின் குழுவினருக்கு,

வணக்கம். மொழியியல் அறிமுகப் பாடநூலின் 6 ஆம் இயலை வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டியிருந்ததாலேயே இந்த இழையைத் தொடங்கினேன். உறவற்ற மொழிகளில் ஒரே வடிவத்தில் வழங்கி, ஒவ்வொன்றிலும் வேறு பொருள் தரும் குறுஞ்சொல்லை எவ்வாறு அழைப்பது என்பதே கேள்வி. இதுவரை 36 மடல்கள் வந்துள்ளன. அவற்றுள் 11 மடல்கள், முன்மொழியப்பட்ட பெயர்களில் வரும் 'உரு' தமிழா, 'ரூபம்' என்பதன் திரிபா என்ற ஒன்றைப் பற்றியவை. தொல்காப்பிய உரியியலில் 'உரு' அச்சத்தைக் குறித்து வருவதை யாரேனும் நினைவூட்டியிருந்தால் இன்னும் 11 மடல்கள் வந்திருக்கும் என்பதால் நானும் பேசாதிருந்தேன்.

இயலில் உள்ள எடுத்துக்காட்டு 'மா'. நமக்கு அது மரம், விலங்கு, குதிரை, நில அளவு, இருபதில் ஒரு பங்கு. பின்னிஷ் மொழியில் நிலமும் நாடும். எபிரேயத்தில் 'என்ன' என்னும் வினா. சீனத்தில் தொனி மாற மாறத் தாய், சணல், குதிரை, திட்டுதல். இத்தாலியத்தில் 'ஆனால்' என்று பொருள்படுவது குறிலாக ஒலிப்பதால் அதைச் சேர்ப்பதா விடுவதா என்பது தனி வழக்கு.

> 'பலபொருள் ஒருசொல்' என்று தொல்காப்பியரே தந்திருக்கப் புதுச்சொல் எதற்கு?

ஆசைப்பட்டு முதலில் நானும் அதைத்தான் எழுதினேன். 'மா பூத்தது', 'மா ஓடியது' என வினையால் பொருள் வேறுபடும் சொற்களை அவர் வகுத்ததும், உரைமரபு அதற்கு மாவையே காட்டுவதும் உண்மை. ஆனால் வினையைக் கொண்டு பொருளைத் தெளிய வேண்டுமாயின் இரு பொருளும் ஒரே மொழிக்குள் இருக்க வேண்டும். பின்னிஷ் மாவையும் தமிழ் மாவையும் ஒரு வாக்கியத்தில் நிறுத்தி ஐயுறுபவர் யாருமில்லை. சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதியும் இவ்வாறே தமிழின் எல்லைக்குள் நின்றுதான் ஒருசொற் பல்பொருளைத் தொகுக்கிறது. இங்கே இருப்பது ஒரு சொல்லே அன்று. ஒரே முகம் கொண்ட பல சொற்கள்.

> நன்னூலின் 'பொதுமொழி' என்பதை விரித்துக்கொள்ளலாமே.

'எட்டு' என்பது எண்ணாகவும் 'எள் து' (எள்ளை உண்) எனப் பிரிந்தும் நிற்பதற்கு ஏற்பட்ட பெயரைப் பறித்து இதற்குக் கொடுத்தால், நாளை இலக்கண வகுப்பில் அதே மாணவர் தடுமாறுவார். தவிரவும், 'பொதுமொழி' என்றவுடன் பலருக்கும் பொதுத்தொடர்பு மொழியே நினைவுக்கு வருகிறது.

> சீன 'மா'வும் நம் 'மா'வும் குதிரையே. இதைத் தற்செயல் என்று தள்ளுவது அடிமைப் புத்தி.

நண்பர் மூன்று மடல்களில் வளர்த்த வேர்ச்சொல் ஆய்வைச் சுவைத்துப் படித்தேன், ஏற்க இயலவில்லை. பழஞ்சீன ஒலிப்பை மீட்டமைத்தவர்கள் குதிரைக்கான சொல்லில் மகரத்தை அடுத்து ரகரம் இருந்ததாகக் காட்டுகின்றனர். இன்றைய ஒற்றுமை பழைய வடிவத்தில் இல்லை. ஆஸ்திரேலியப் பழங்குடி மொழியான ம்பபரத்திலும் நாய்க்கு ஏறத்தாழ 'டாக்' என்பதே பெயர். அது 'குடக' என்ற பழைய வடிவம் தேய்ந்து வந்தது, ஆங்கிலத்திலிருந்து வந்ததன்று. பொருளும் ஒலியும் சேர்ந்தே ஒத்த இடத்தில்கூட உறவு இல்லாதிருக்கலாம்.

இரு மொழிகளில் வடிவம் ஒத்துப் பொருள் மாறும் சொற்களைக் குறிக்கும் 'பொய் நண்பர்' என்ற பிரெஞ்சு வழக்கின் மொழிபெயர்ப்பு இங்கே பொருந்தாததற்கும் காரணம் உறவுதான். தமிழில் 'அவசரம்' விரைவு, தெலுங்கில் தேவை, இந்தியில் வாய்ப்பு. மூன்றும் ஒரு வடசொல்லின் பிள்ளைகள். நாம் பெயர் தேடுவதோ பிறப்பால் தொடர்பே இல்லாதவற்றுக்கு. அந்த இன்மையைச் சொல்லாத எந்தப் பெயரும் பாதிப் பெயரே என்பது என் நிலைப்பாடு. ஒரே வடிவில் வேறு பொருள் தரும் சொற்களுக்கான ஆங்கிலப் பெயரை 'ஹோமோனிம்' என்று ஒலிபெயர்த்துவிடலாம் என்ற பரிந்துரையும் இதனாலேயே உதவாது. கிரந்த எழுத்து வேண்டுமா என்ற சண்டைக்கு அதில் போவானேன்?

எனவே எஞ்சியவை, ஒத்த உருவுடைய சொல் என்ற பொருளில் 'ஒப்புரு'வைக் கொண்ட இரண்டு: 'தற்செயல் ஒப்புரு', 'உறவிலி ஒப்புரு'. 'அறிவிலி' போல் ஒலித்து, உற்றார் இல்லாத ஒருவரைக் குறிப்பதாகத் தோன்றுகிறது என்று பின்னதை எதிர்த்தவர்கள் சொல்வது நியாயமே. முன்னதை வகுப்பில் விளக்கவே தேவையில்லை. ஆயினும் என்னை உறுத்துவது 'மாமா'. நமக்கு அது தாயின் உடன்பிறந்தவர். ஜார்ஜிய மொழியில் தந்தை. ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் தாய். தமிழுக்கும் ஜார்ஜியத்துக்கும் உறவில்லை. ஆனால் இதைத் தற்செயல் என்றும் கூற இயலாது. குழந்தை இதழ்களைச் சேர்த்துத் திறக்கையில் எளிதில் பிறக்கும் ஒலியை, அருகில் இருக்கும் பெரியவர்கள் தத்தம் மொழியில் தமக்கோ உறவினருக்கோ பெயராக்கிக்கொண்டனர். 'உறவிலி' இதையும் தாங்கும், 'தற்செயல்' தாங்காது.

நேற்றிரவு வரை 'தற்செயல் ஒப்புரு'வுக்கு ஏழு பேரும் 'உறவிலி ஒப்புரு'வுக்கு என்னையும் சேர்த்து மூவரும் ஒப்புதல் தந்துள்ளனர். 'பொதுமொழி' நண்பர் இன்னும் இறங்கிவரவில்லை. பெரும்பான்மைக்கு இணங்கி முதலாவதையே அச்சுப்படியில் இட்டு, 'மாமா' வரும் பத்தியை அகற்றிவிட்டேன். அதையும் ஏற்கும் எளிய சொல்லொன்றை வியாழன் இரவுக்குள் எவரேனும் தந்தால் பத்தியைத் திரும்பச் சேர்த்துவிடுவேன்.

அன்புடன்,
இழையைத் தொடங்கியவன்